நொய்யும் நொதியும்

மக்காச்சோள ஸ்டார்ச் ஆலையில் அதிக இடத்தையும் அதிக நேரத்தையும் பிடித்துக்கொள்வது ஊறல்தான். வரிசையாக நிற்கும் தொட்டிகளில் 50 டிகிரி செல்சியஸ் சூட்டு நீரில், கந்தக டை ஆக்சைடு கலந்து, 24 மணி முதல் 48 மணி நேரம் வரை சோளம் ஊறுகிறது. அந்த நேரத்தை ஆறேழு மணியாகக் குறைக்கலாம், கந்தகத்தையும் கிட்டத்தட்ட விட்டுவிடலாம், அதற்கு நொதி போதும் என்பது 2001இலிருந்து முன்வைக்கப்படும் வாதம். ஆய்வக முடிவுகள் அதற்குச் சாதகமாகவே இருக்கின்றன. ஆனாலும் உலகின் பெரிய ஆலைகள் இன்னும் பழைய தொட்டிகளில்தான் சோளத்தை ஊறவைக்கின்றன. ஏன் என்று பார்க்க வேண்டும். இந்த முறையைக் காவிரிப் படுகையின் நொய்யரிசிக்குக் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கும் அந்த விடையிலிருந்துதான் போக முடியும்.

கோதுமைப் பால் எடுத்து அல்வா கிண்டுகிறவர்களுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சக்கையை ஒதுக்கி, பாலைத் தெளியவிட்டு அடியில் நிற்பதை எடுப்பது போலத்தான் ஆலையும் செய்கிறது. சோளத்தில் வேலை இன்னும் கூடுதல். முளைக்கரு உடையாமல் தனியே மிதந்து வர வேண்டும். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய் இருக்கிறது. அது கசிந்தால் ஸ்டார்ச்சும் கெடும், எண்ணெயும் போகும். பிறகு நாரைக் கழுவிப் பிரிக்க வேண்டும், புரதத்தைச் சுழற்றிப் பிரிக்க வேண்டும். கடைசியில் கிடைக்கும் வெள்ளை மாவில் புரதம் அரை சதத்துக்கும் கீழே இருந்தால்தான் குளுக்கோஸ் தயாரிப்பவரும் மருந்து மாத்திரை அடிப்பவரும் வாங்குவார்கள்.

கந்தகம் எதற்கு? சோள மணியின் உள்ளே ஸ்டார்ச் துகள்கள் புரத வலைக்குள் அடைந்து கிடக்கின்றன. அந்த வலையின் முடிச்சுகள் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்த இணைப்புகள். கந்தக டை ஆக்சைடு அந்த இணைப்பை உடைக்கிறது. கூடவே அழுகல் கிருமிகளை அடக்கி, லாக்டிக் அமிலம் தரும் கிருமிகளை மட்டும் வளரவிடுகிறது. ஒரே பொருள் இரண்டு வேலை செய்கிறது, விலையும் மலிவு. பாதகங்களும் உண்டு. தொட்டி மேடையில் நிற்பவரின் மூக்கும் கண்ணும் எரியும். கழிவுநீரில் தங்கும் சல்பேட், சாண எரிவாயுக் கலன் போன்ற காற்றில்லாச் செரிப்புக் கலத்துக்குள் போனதும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். இரும்பும் அரிக்கும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் விஜய் சிங்கும், பென்சில்வேனியாவின் விண்ட்மூரில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தின் டேவிட் ஜான்ஸ்டனும் செய்த வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. அதன் சிறப்பு, நொதி ஏன் அதுவரை பலிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்ததில் இருக்கிறது. முழு மணியை நொதி கலந்த நீரில் எத்தனை மணி நேரம் போட்டாலும் பயனில்லை. சோள மணியின் தோல் மெழுகு பூசியதுபோல இறுக்கமானது. நீர் பெரும்பாலும் மணி கதிரோடு ஒட்டியிருந்த நுனி வழியாகத்தான் நுழைந்து மெல்ல மேலேறுகிறது. நீர் மூலக்கூறு போகும் சந்தில் நொதியின் பெருமூலக்கூறு போகாது. ஆகவே அவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் வெறும் நீரில் சுமார் மூன்று மணி நேரம். அதற்குள் முளைக்கரு ரப்பர்போலத் துவண்டுவிடும், அரைத்தால் உடையாது. அடுத்து மணியைக் கரகரப்பாக உடைத்து, அந்தக் கூழில் புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதியைச் சேர்த்து இன்னும் சில மணி நேரம். அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமெலைனும் அவர்கள் பயன்படுத்திய நொதிகளில் ஒன்று. வழக்கமான முறைக்குச் சமமான ஸ்டார்ச் கிடைத்தது. கந்தகத் தேவை பெருமளவு விழுந்தது. காரணம் விளங்கி, அந்தக் காரணத்திலிருந்தே தீர்வும் பிறந்த ஆய்வு இது. அறிவியலாக இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஆலையாக யோசித்தால் கணக்கு மாறுகிறது. கட்டி முடித்த தொட்டிகள் ஏற்கெனவே நிற்கின்றன; அவற்றின் கடன் அடைந்து பல காலமாயிற்று. நேரம் மிச்சமாகிறது என்பது புதிதாக ஆலை கட்டுகிறவருக்கு லாபம், பழைய ஆலைக்குப் பெரிய லாபம் இல்லை. நொதியோ ஒருமுறை கூழில் கலந்தால் நீரோடு போய்விடும். ஒவ்வொரு டன்னுக்கும் புதிதாக வாங்கிப் போட வேண்டும். கந்தகத்தோடு விலையில் மோதி நொதி ஜெயிப்பது கடினம். கந்தகத்தை அடியோடு நிறுத்தினால் வெதுவெதுப்பான கூழில் வேண்டாத கிருமிகள் பெருகும். ஆய்வாளர்களே கொஞ்சம் கந்தகத்தை மிச்சம் வைத்ததற்கு இது ஒரு காரணம். குளிர்நாட்டு ஆலையில் இந்தப் பயம் சிறியதாக இருக்கலாம். சித்திரை வெயிலில் நம் பக்கத்து ஆலையில் ஒரு ஷிப்டு மின்சாரம் போனால் தொட்டி முழுக்கப் புளித்துவிடும்.

துணைப்பொருள் கணக்கை இந்த ஆய்வைப் பாராட்டுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஊறல் நீரில் சோளத்தின் எடையில் சுமார் 6 சதம் கரைந்து வருகிறது. அதை வற்றவைத்த குழம்புதான் 1940களின் தொடக்கத்தில் பியோரியா ஆய்வகத்தில் பென்சிலின் விளைச்சலைப் பன்மடங்கு உயர்த்தியது. இன்றும் நொதித்தல் ஆலைகளும் தீவனக்காரர்களும் அதை வாங்குகிறார்கள். ஊறல் நேரம் சுருங்கினால் அந்தக் குழம்பின் அளவும் தன்மையும் மாறும். குளூட்டன் இன்னும் முக்கியம். சோளத்திலிருந்து பிரித்த 60 சதப் புரதத் தூள் அது. சோளத்தின் மஞ்சள் நிறமிகள் எல்லாம் அதில்தான் திரளும். கோழித் தீவனத்தில் சேர்த்தால் முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறம் பெறும். நாமக்கல் பண்ணைக்காரரிடம் கேட்டால் அதன் மதிப்பு தெரியும். புரோட்டியேஸ் அளவு தப்பினால், இல்லை நேரம் நீண்டால், இந்தப் புரதம் சிறு துண்டுகளாகி நீரில் கரைந்து சாக்கடைக்குப் போகும். ஸ்டார்ச் மகசூலை மட்டும் அளந்து வெற்றி என்று அறிவிக்கும் எந்த ஆய்வறிக்கையையும் நான் பாதி அறிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

நாரைக் கழுவும் கட்டத்தில் நொதி சேர்ப்பது வேறு கதை. நல்ல ஆலையில்கூட 100 கிலோ உலர் சோளத்திலுள்ள 70 கிலோ சொச்சம் ஸ்டார்ச்சில் 66, 67 கிலோதான் வெளியே வருகிறது. மீதியில் ஒரு பகுதி நாரோடு ஒட்டிக்கொண்டு தீவனமாகப் போய்விடும். அந்த நாரைச் சைலனேஸ், செல்லுலேஸ் நொதிகளால் தளர்த்தினால் ஒட்டிய ஸ்டார்ச்சும் புரதமும் கழன்று வரும். நாரும் நீரை எளிதில் விடும், உலர்த்தும் செலவு குறையும். நோவோசைம்ஸ் நிறுவனம் ஃபிரான்டியா என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்குப் பழைய தொட்டியை இடிக்க வேண்டாம், கந்தகத்தை நிறுத்த வேண்டாம். நாளைக்கு 1,000 டன் அரைக்கும் ஆலையில் மகசூல் 1 சதம் ஏறினாலே 10 டன் ஸ்டார்ச். நொதி விலையை அந்த 10 டன் தாங்குமா என்பது ஒரு மாதச் சோதனையில் தெரிந்துவிடும். பலிக்காவிட்டால் மறுநாளே நிறுத்தலாம். தாவணகெரே, கோகாக் போன்ற இடங்களின் பெரிய ஆலைகளுக்கு இது தயங்காமல் செய்ய வேண்டிய காரியம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கொள்ளிடத்துக்கு வடக்கே பெரம்பலூர் முழுக்க மக்காச்சோளம். அந்தச் சோளம் நாமக்கல், பல்லடம் கோழிகளுக்குப் போகிறது. இப்போது எத்தனாலும் போட்டிக்கு வந்துவிட்டது. 2025-26க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அங்கே ஈர அரவை ஆலை ஒன்று புதிதாக வருமானால், தொட்டி கட்டும் முன்பே சிங்-ஜான்ஸ்டன் முறையைப் பரிசீலிக்கலாம். பழைய முதலீடு என்ற தடை அங்கே இருக்காது. சேலத்து மரவள்ளியின் நிலை வேறு. கிழங்கில் புரதம் சொற்பம், வலையை வெட்டும் நொதிக்கு அங்கே வேலையில்லை. திப்பியில் தங்கும் மாவை விடுவிக்கும் நொதிக்கு உண்டு. ஆனால் அங்கே தொழிலைக் கெடுத்தது வெளுப்பதற்குப் போடும் ரசாயனம். அந்தப் பழக்கத்தை நொதி ஒன்றும் செய்யாது.

தஞ்சாவூரில் இந்த விவாதத்துக்குத் தனி நியாயம் உண்டு. தானியத்தை ஊறவைக்கும் நேரத்தைக் குறைப்பது இந்த மண் ஏற்கெனவே ஒருமுறை தீர்த்த சிக்கல். புழுங்கலுக்கு நெல்லைச் சிமெண்டுத் தொட்டியில் குளிர்ந்த நீரில் ஒன்றிரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள் ஊறப்போட்ட காலம் நினைவிருக்கிறவர்களுக்கு அந்த வாடையும் நினைவிருக்கும். சோற்றிலும் அது வரும். நெல் ஊறும்போதே புளித்து, கிருமிகள் பெருகி வந்த நாற்றம் அது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், 65 முதல் 70 டிகிரி சூட்டு நீரில் மூன்று நான்கு மணி நேரத்திலேயே நெல் ஊறிவிடும் என்று காட்டியது. அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன், பிற்பாடு திருவாரூருக்கு வந்து நெல் பதன ஆராய்ச்சியை வளர்த்தார். திருவாரூரின் நவீன அரிசி ஆலையோடு சேர்ந்து 1967இல் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது அந்த ஆராய்ச்சி. அந்தக் கூடம் 1972இல் நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, 1984இல் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்து, இன்று நிஃப்டெம் என்ற பெயரில் புதுக்கோட்டைச் சாலையில் இயங்குகிறது.

அந்தச் சூட்டு ஊறல் ஏன் பரவியது? வெளியிலிருந்து எதையும் வாங்கச் சொல்லவில்லை என்பது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கொதிகலனுக்கு உமி ஆலையிலேயே குவிந்து கிடக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். சூடு அங்கே கிட்டத்தட்ட இலவசம். டெல்டாவுக்கு வரும் எந்தப் புது முறையையும் இந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

அரிசி ஸ்டார்ச்சைப் பிரிப்பது சோளத்தைவிடக் கடினம். துகள்கள் மிகச் சிறியவை, பெரும்பாலும் 3 முதல் 8 மைக்ரான். அரிசியின் முக்கியப் புரதம் நீரில் கரையாது, அமிலத்துக்கும் எளிதில் மசியாது, காரத்துக்குத்தான் இளகும். 1840இல் இங்கிலாந்தில் ஆர்லாண்டோ ஜோன்ஸ் காப்புரிமை வாங்கியதும் காரமுறைக்குத்தான். பெல்ஜியத்தின் வெய்க்மால் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ரெமி ஆலை அரிசி ஸ்டார்ச்சால் உலகப் பெயர் பெற்றது. இன்றும் வழக்கம், 0.2 முதல் 0.5 சதக் காஸ்டிக் சோடாவில் அரிசியை ஊறவைத்து அரைப்பதுதான்.

இதைத் தஞ்சையில் செய்தால் என்ன ஆகும்? ஒரு டன் நொய்க்கு 0.3 சதக் கரைசல் 5,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 கிலோ காஸ்டிக் சோடா இருக்கும். வெளியே விடுமுன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சமன்செய்தால் சுமார் 22 கிலோ உப்பு உண்டாகும். நாளைக்கு 10 டன் அரைக்கும் சிறு ஆலை, வருடத்தில் 300 நாள் ஓடினால் 66 டன் உப்பு நீரோடு வெளியேறும். காவிரியில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் கடைமடையில் நிலத்தடி நீரே உப்புக் கரிக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கிணறுகள் இதற்குச் சாட்சி. அந்த வாய்க்கால்களில் இன்னொரு உப்பு ஊற்றைத் திறந்துவிடுவது பாவம். 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலைகளையும் எண்ணெய்க் கிணறுகளையும் தடுத்தது. உணவுப் பொருள் ஆலை அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. சட்டம் தடுக்காததையெல்லாம் வாய்க்கால் தாங்கிவிடும் என்று அர்த்தமில்லை.

ஆகவே அரிசிக்குப் புரோட்டியேஸ் நொதியின் வழக்கு சோளத்தைவிட வலுவானது. சோளத்தில் அது மலிவான கந்தகத்தோடு போட்டியிட்டது. அரிசியில் அது உப்பு நீரோடு போட்டியிடுகிறது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் சைப் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஈரமாக அரைத்த அரிசியைக் காரச்சூழலில் இயங்கும் புரோட்டியேஸால் செரித்து நல்ல தூய்மையான ஸ்டார்ச்சைப் பிரிக்கலாம் என்று காட்டியது. அந்த நொதி இயங்கவும் காரச்சூழல் வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். காரம் குறைகிறது, ஒழியவில்லை. வெட்டுப்பட்ட புரதம் நீரில் கரைந்துவிடுவதால் அதைத் திரும்ப எடுக்க வற்றவைக்கும் செலவு உண்டு. எடுக்காமல் விட்டால் வாய்க்காலுக்குப் புது அழுக்கு.

இந்த இடம்வரை வந்தவர்களில் பலரும் டெல்டாவின் ஒரு நடைமுறையைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்குள்ள ஆலைகளில் பெரும்பாலும் ஓடுவது புழுங்கல். புழுங்கல் நொய்யை ஒரு கண்ணாடித்தட்டில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கொம்புபோலப் பளபளத்து ஒளி ஊடுருவும். பச்சரிசி நொய் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் இருக்கும், நகத்தால் அழுத்தினால் பொடியும். புழுங்கலில் ஸ்டார்ச் ஆவியில் ஏற்கெனவே வெந்து, துகள்கள் உருவழிந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. தனித்தனித் துகளாகப் பிரித்தெடுக்க அங்கே துகளே முழுதாக இல்லை. எந்தப் புரோட்டியேஸும் அதைத் திரும்ப உண்டாக்காது. பச்சரிசி நொய் மட்டும் தனியாகச் சேகரித்தால் உண்டு. அதுவும் ஓர் ஆலையை ஆண்டு முழுக்க ஓட்டும் அளவுக்கு ஓரிடத்தில் கிடைக்குமா என்பது வேறு சிக்கல். சோள முறையை அப்படியே பெயர்த்து நட்டால் டெல்டாவில் வேர் பிடிக்காது என்று சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

புழுங்கல் நொய்க்கும் நொதி வழி உண்டு, ஆனால் எதிர்த்திசையில். ஸ்டார்ச்சைக் காப்பாற்றிப் புரதத்தை வெட்டுவதற்குப் பதிலாக, ஸ்டார்ச்சை வெட்டிப் புரதத்தைக் காப்பாற்றலாம். நொய்யை அரைத்துக் கூழாக்கி, 90 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் சேர்த்தால் கரண்டியைப் பிடித்து நிறுத்தும் கெட்டிக் கூழ் கொஞ்ச நேரத்தில் மோர்போல நீர்த்துவிடும். வடித்தால் கீழே மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது குளுக்கோஸ் பாகு. மேலே தங்குவது புரதம் செறிந்த சக்கை. ஒரு டன் நொய்யில் 70 கிலோ அளவுக்குப் புரதம் இருக்கிறது. அரிசிப் புரதம் ஒவ்வாமை குறைந்தது என்பதால் குழந்தை உணவிலும் புரதப் பொடிகளிலும் அதற்கு நல்ல விலை. புழுக்கியதால் இறுகிக் கரையாமல் போன புரதம், ஸ்டார்ச் ஆலையில் பெருந்தொல்லை. இங்கே அதுவே வசதி. கரையாததால் வடிகட்டியில் அப்படியே நிற்கும். கந்தகம் வேண்டாம். காஸ்டிக் சோடா காரத்தன்மையைச் சரிசெய்யும் சிறு அளவில் மட்டும். வேண்டியது சூடு, அதற்கு உமி இருக்கிறது. அமைலேஸ் நொதிகளும் அபூர்வச் சரக்கல்ல. குளுக்கோஸ் ஆலைகளும் எரிசாராய ஆலைகளும் தினமும் வாங்கும் பொருள், இந்தியாவிலேயே தயாராகிறது.

கச்சாப்பொருளின் விலைதான் இந்த வழியின் பலவீனம். 2022 செப்டம்பரில் மத்திய அரசு நொய் ஏற்றுமதியைத் தடுத்தது, 2025 மார்ச்சில் திறந்தது. எத்தனாலுக்காக இந்திய உணவுக் கழகம் தன் அரிசியை 2025 தொடக்கத்தில் குவிண்டால் 2,250 ரூபாய்க்குத் தரத் தொடங்கியது. ஓர் அரசாணையில் நொய் விலை ஏறுவதும் விழுவதுமாக இருக்கும் சந்தையில் பாகு மட்டும் விற்று எந்த ஆலையும் நிலைக்காது. சோளத்திலிருந்து வரும் குளுக்கோஸ் அதைவிட மலிவாக வந்து கழுத்தைப் பிடிக்கும். புரதம் விலைபோனால் மட்டுமே கணக்கு நேராகும். எத்தனாலுக்கு நொய் போனாலும் புரதம் வடித்தபின் மிஞ்சும் தீவனத்தில் வந்துவிடும்தானே என்று கேட்கலாம். வரும், ஆனால் ஈஸ்ட்டோடும் நாரோடும் கலந்து மாட்டுத் தீவன விலையில் வரும். குழந்தை உணவுக்குப் போகக்கூடிய புரதத்தை அப்படி விற்பது எனக்கு உறுத்துகிறது.

பச்சரிசி நொய்க்கான புரோட்டியேஸ் வழியிலும் தமிழ்நாட்டுக்கென்று ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பப்பாளிப் பாலுக்கென்றே கோ.5 ரகத்தை உருவாக்கியது. காலை வேளையில் பச்சைக் காயின் தோலில் பிளேடால் கீறி, வடியும் பாலைச் சேர்த்து உலர்த்தினால் கிடைக்கும் பப்பெயின், சிங்-ஜான்ஸ்டன் பயன்படுத்திய புரோமெலைனின் குடும்பத்தைச் சேர்ந்தது. சூட்டையும் அதைவிட நன்றாகத் தாங்கும். உடைத்த பச்சரிசி நொய்யில், பெரம்பலூர்ச் சோளத்தில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். தோற்றாலும் அந்த எண்கள் நமக்குத் தேவை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். சோள ஆலைகளில் நார் கழுவும் நொதி உடனே ஏற்கத்தக்கது. ஊறலுக்குப் பதிலான புரோட்டியேஸ் முறை புதிதாகக் கட்டும் ஆலைக்கு மட்டும், குளூட்டன் இழப்பையும் ஊறல் குழம்பின் கதியையும் கணக்குக் காட்டிய பிறகு. டெல்டாவில் அரிசி ஸ்டார்ச் ஆலை என்ற கனவுக்கு, காரமுறையிலானால் அனுமதியே கூடாது. புரோட்டியேஸ் முறையிலானால் பச்சரிசி நொய் கிடைக்கும் அளவுக்குச் சிறியதாக மட்டும். பொதுப் பணம் போட வேண்டிய இடம், புழுங்கல் நொய்யிலிருந்து பாகும் புரதமும் எடுக்கும் வழி. அதைத் தஞ்சாவூர் நிறுவனம் ஓர் உண்மையான அரிசி ஆலையின் வளாகத்திலேயே, அந்த ஆலையின் உமிக் கொதிகலனில், குறுவை அரவையிலிருந்து தாளடி அரவை முடியும்வரை ஒரு முழுப் பருவம் ஓட்டிக் காட்ட வேண்டும். டன் ஒன்றுக்கு எவ்வளவு நொதி, எவ்வளவு புரதம், எவ்வளவு உமி, எவ்வளவு கழிவுநீர், அதில் எவ்வளவு உப்பு என்ற கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஆலைக்காரர் சங்கங்களுக்கும் கடைமடை விவசாயிகளுக்கும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும்.